சொந்தத் தொகுதியில் வீழ்ந்த எதிர்க்கட்சித் தலைவர்: கனடாவின் கார்ல்டன் தேர்தல் – ஒரு பார்வை

கனடாவில் 2025 ஏப்ரல் 28 அன்று நடைபெற்ற நாடாளுமன்றப் பொதுத்தேர்தலில், எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி தனது இடங்களையும் வாக்கு விகிதத்தையும் கணிசமாக உயர்த்திக்கொண்டது. ஆனால், அக்கட்சியை வழிநடத்திய பியர் பொலியேவ் தமது சொந்தத் தொகுதியில் தோல்வியுற்றார். தலைநகர் ஒட்டாவாவின் புறநகர்களையும் கிராமங்களையும் உள்ளடக்கிய கார்ல்டன் தொகுதி, 7 பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றிருந்த ஒருவரை விடுத்து, அதுவரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்திராத லிபரல் கட்சியின் புரூஸ் ஃபான்ஜாயைத் தேர்ந்தெடுத்தது.

91 வேட்பாளர்கள், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள வாக்குச்சீட்டு, விடிய விடிய நீடித்த எண்ணிக்கை ஆகியவற்றால் இத்தொகுதி உலகின் கவனத்தை ஈர்த்தது. அதற்கும் அப்பால், நாடு முழுவதும் அறியப்பட்ட ஒரு தலைவர்கூட நாடாளுமன்றத்துக்குள் நுழைய ஒரே ஒரு தொகுதியின் வாக்காளர்களையே நம்பியிருக்க வேண்டும் என்ற நாடாளுமன்ற ஜனநாயகத்தின் அடிப்படை விதியையும் இத்தேர்தல் நினைவூட்டியது.

தொகுதியின் இயல்பு

ஒன்டாரியோ மாகாணத்தில், ஒட்டாவா மாநகர எல்லைக்குள் நகரின் வெளிவட்டமாக அமைந்துள்ளது கார்ல்டன். ஸ்டிட்ஸ்வில், மனோடிக், ரிச்மண்ட் போன்ற குடியிருப்புப் பகுதிகளும் விரிந்த விளைநிலங்களும் இதில் அடங்கும். ஒருபுறம் தலைமுறைகளாக வேளாண்மை செய்துவரும் குடும்பங்கள். மறுபுறம் புதிதாக எழுந்துவரும் குடியிருப்புகளில் வசிக்கும் நடுத்தர வர்க்கத்தினர். தலைநகரை ஒட்டிய பகுதி என்பதால் மத்திய அரசு ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இங்கு குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் உள்ளனர்.

பொலியேவ் முதன்முதலில் 2004ஆம் ஆண்டு, அப்போது நெப்பியன்–கார்ல்டன் எனப்பட்ட தொகுதியில், பதவியிலிருந்த பாதுகாப்பு அமைச்சர் டேவிட் பிராட்டைத் தோற்கடித்து மக்களவைக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 25. தொடர்ந்து 2006, 2008, 2011 தேர்தல்களிலும் அங்கு வென்றார். தொகுதி மறுவரையறைக்குப் பின் உருவான கார்ல்டனில் 2015, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றார்.

இத்தொகுதி கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டையாகவே கருதப்பட்டு வந்தது. எனினும் அக்கோட்டையில் விரிசல் விழக்கூடும் என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. ஜஸ்டின் ட்ரூடோ தலைமையில் லிபரல் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய 2015 தேர்தலில், பொலியேவ் இங்கு இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகள் வித்தியாசத்திலேயே தப்பினார். 2021இல் நிலைமை மாறியது. பதிவான வாக்குகளில் கிட்டத்தட்டப் பாதியை அவர் பெற்றார். லிபரல் வேட்பாளருக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கிடைத்தது.

2025 தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டன. நாட்டின் மொத்தத் தொகுதிகள் 338இலிருந்து 343ஆக உயர்ந்தன. கார்ல்டனுடன் ஒட்டாவாவின் மேற்குப் பகுதியிலுள்ள கிராமங்கள் இணைக்கப்பட்டன. பொதுவாகக் கிராமப்புற வாக்காளர்கள் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆதரிப்பவர்கள் என்பதால், எல்லை மாற்றத்தை மட்டுமே தோல்விக்குக் காரணமாகக் காட்ட இயலாது.

மூன்றே மாதங்களில் மாறிய களம்

2025 ஜனவரி தொடக்கத்தில் வெளியான கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி 20 சதவீதப் புள்ளிகளுக்கும் அதிகமான முன்னிலையில் இருந்தது. விலைவாசி உயர்வு, வீட்டுவசதித் தட்டுப்பாடு, கரியமில வரி ஆகியவற்றை முன்னிறுத்திய பொலியேவ் அடுத்த பிரதமராவது உறுதி என்றே பலரும் கருதினர்.

ஆனால், ஜனவரி 6 அன்று பிரதமர் ட்ரூடோ தமது பதவி விலகல் முடிவை அறிவித்தார். அம்மாதமே அமெரிக்க அதிபராக மீண்டும் பொறுப்பேற்ற டொனால்ட் டிரம்ப், கனடா மீது இறக்குமதி வரிகளை விதிக்கப்போவதாக எச்சரித்ததுடன், அந்நாடு அமெரிக்காவின் 51ஆவது மாகாணமாக வேண்டும் என்றும் திரும்பத் திரும்பக் கூறினார். இது கனடா மக்களிடையே கடும் எதிர்வினையை ஏற்படுத்தியது. கனடா வங்கி, இங்கிலாந்து வங்கி ஆகியவற்றின் ஆளுநராகப் பணியாற்றிய மார்க் கார்னி, மார்ச் 9 அன்று லிபரல் கட்சித் தலைவராகத் தேர்வாகி, 14ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றார். மார்ச் 23 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. ட்ரூடோவுக்கு எதிரான மனநிலையை மையமாகக் கொண்டிருந்த போட்டி, அமெரிக்க நெருக்கடியை யார் சமாளிப்பார் என்ற கேள்வியாக உருமாறியது.

கார்னி போட்டியிட்ட நெப்பியன், கார்ல்டனுக்கு அடுத்துள்ள தொகுதியாகும். அதன் உறுப்பினராக 2015 முதல் இருந்தவர் கர்நாடகத்தில் பிறந்த சந்திர ஆர்யா. இம்முறை அவருக்குக் கட்சி வாய்ப்பளிக்கவில்லை. ஆட்சியைப் பிடிக்க மோதிய இரு தலைவர்களும் இவ்வாறு அருகருகே உள்ள தொகுதிகளில் வாக்குக் கேட்டனர்.

இரண்டு ஆண்டுகள் வீடு வீடாக

ஃபான்ஜாய் அரசியலுக்குப் புதியவர். வணிகத் துறையில் பணியாற்றிய அவர் மனோடிக்கில் வசிப்பவர். தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்னரே களமிறங்கிய அவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைச் சந்தித்தார். லிபரல் கட்சியின் செல்வாக்கு அடிமட்டத்தில் இருந்த காலத்திலும் அவர் அப்பணியை நிறுத்தவில்லை. தாம் 15 ஆயிரம் வீடுகளின் கதவுகளைத் தட்டியதாக அவர் கூறினார். தொடக்கத்தில் அவரது முயற்சியை வெற்றி வாய்ப்பற்ற ஒன்றாகவே அரசியல் வட்டாரங்கள் பார்த்தன.

அதே காலகட்டத்தில் பொலியேவ் நாடு முழுவதும் சுற்றுப்பயணம் செய்து கொண்டிருந்தார். 2022 செப்டம்பரில் கட்சித் தலைவரானது முதல், மற்ற வேட்பாளர்களுக்காகவும் கட்சியின் நிதிக்காகவும் பேரணிகளை நடத்துவது அவரது கடமையாக இருந்தது. கட்சித் தலைவர்களுக்கு இது தவிர்க்க இயலாத சுமை. தொகுதி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையே, பிற தொகுதிகளில் கவனம் செலுத்த அவர்களுக்கு வழிவகுக்கிறது.

உள்ளூர்க் காரணங்கள் இரண்டு பரவலாகச் சுட்டிக்காட்டப்படுகின்றன. முதலாவது, அரசு ஊழியர் விவகாரம். ஓய்வுபெறுவோரின் இடங்களை முழுமையாக நிரப்பாமல் விட்டு மத்திய அரசுப் பணியாளர் எண்ணிக்கையைக் குறைப்பதாகப் பொலியேவ் வாக்குறுதி அளித்தார். நாட்டின் பிற பகுதிகளில் சிக்கன நடவடிக்கையாக வரவேற்கப்படக்கூடிய இவ்வறிவிப்பு, ஒட்டாவா புறநகரில் குடும்ப வருமானம் பற்றிய அச்சமாக உணரப்பட்டது.

இரண்டாவது, 2022ஆம் ஆண்டு லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டம். கொரோனா தடுப்பூசிக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, கனரக வாகனங்கள் ஒட்டாவாவின் மையப் பகுதியை ஏறத்தாழ மூன்று வாரங்கள் முடக்கின. இடைவிடாத ஒலிப்பான் சத்தத்தாலும் சாலை மறியலாலும் நகரவாசிகள் அவதியுற்றனர். அப்போராட்டக்காரர்களுக்குப் பொலியேவ் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். கட்சித் தலைமைப் பதவியை நோக்கிய அவரது பயணத்துக்கு அது வலுச் சேர்த்தது. ஆனால், அதை நேரில் அனுபவித்த நகரத்தின் நினைவில் அது வேறுவிதமாகப் பதிந்தது.

91 பெயர்கள் கொண்ட வாக்குச்சீட்டு

கனடாவில் இன்றும் காகித வாக்குச்சீட்டே பயன்படுத்தப்படுகிறது. எண்ணிக்கையும் கைகளாலேயே நடைபெறுகிறது. வழக்கமாக ஒரு தொகுதியில் ஒருசில வேட்பாளர்களே போட்டியிடுவர். கார்ல்டனில் 91 பேர் களத்தில் இருந்தனர். இவர்களுள் பெரும்பாலானோர் 'மிக நீண்ட வாக்குச்சீட்டுக் குழு' என்ற அமைப்பின் ஏற்பாட்டில் மனுத்தாக்கல் செய்தவர்கள்.

வெற்றி பெறுவது இக்குழுவின் நோக்கமன்று. அதிக வாக்குகள் பெற்றவரே வென்றவர் என்ற தற்போதைய முறையை இது எதிர்க்கிறது. இம்முறையில் பாதிக்கும் குறைவான வாக்குகளுடன் ஒருவர் வெல்லவும், ஒரு கட்சி ஆட்சி அமைக்கவும் இயலும் என்பது அதன் குறை. தேர்தல் விதிகளை அரசியல்வாதிகளே வகுப்பது முரண்பாடானது என்றும், அப்பொறுப்பைச் சுதந்திரமான குடிமக்கள் மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. 2024 ஜூனில் டொரன்டோ–செயின்ட் பால்ஸ் இடைத்தேர்தலில் 84 வேட்பாளர்களும், அதே ஆண்டு செப்டம்பரில் மாண்ட்ரியாலின் லாசால்–எமார்–வெர்டன் இடைத்தேர்தலில் 91 வேட்பாளர்களும் போட்டியிட்டதற்கும் இக்குழுவே காரணம்.

இது சாத்தியமாவதற்குச் சட்டத்தில் இடம் உள்ளது. முன்பு வேட்பாளர்கள் 1,000 டாலர் வைப்புத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. வசதியற்றோரின் போட்டியிடும் உரிமையை அது பாதிக்கிறது எனக் கூறி, ஆல்பர்ட்டா மாகாண நீதிமன்றம் 2017இல் அவ்விதியை ரத்து செய்தது. தற்போது பெரும்பாலான தொகுதிகளில் 100 வாக்காளர்களின் கையொப்பம் இருந்தால் போதும். ஒரே வாக்காளர் பல வேட்பாளர்களின் மனுக்களில் கையொப்பமிடலாம். இந்தியாவில் மக்களவைத் தேர்தலில் பொதுப் பிரிவு வேட்பாளர் 25 ஆயிரம் ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என்பதும், செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர் அத்தொகையை இழப்பார் என்பதும் இங்கு ஒப்பிடத்தக்கது.

நீண்ட வாக்குச்சீட்டை மடிப்பது, பெட்டியில் இடுவது, பிரித்து எண்ணுவது என ஒவ்வொரு படியிலும் கூடுதல் நேரம் பிடித்தது. இதனை எதிர்பார்த்த கனடா தேர்தல் ஆணையம், முன்கூட்டியே பதிவான வாக்குகளை எண்ணும் பணியை வழக்கத்துக்கு முன்னதாகத் தொடங்க ஏற்பாடு செய்தது. ஏப்ரல் 18 முதல் 21 வரை நடைபெற்ற முன்கூட்டிய வாக்குப்பதிவில் கார்ல்டனில் மட்டும் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்திருந்தனர்.

முடிவு சொல்லும் கணக்கு

கார்னி மீண்டும் ஆட்சி அமைப்பார் என்பது தேர்தல் நாளிரவே தெளிவாகிவிட்டது. கார்ல்டன் முடிவு மட்டும் மறுநாள் அதிகாலையில்தான் உறுதியானது. ஃபான்ஜாய் பாதிக்குச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றார். பொலியேவுக்குச் சுமார் 46 சதவீத வாக்குகள் கிடைத்தன. இறுதிக் கணக்கில் வித்தியாசம் நான்காயிரம் வாக்குகளைக் கடந்தது.

வேட்பாளர் எண்ணிக்கை மிகுந்ததால் வாக்குகள் சிதறி முடிவு மாறியதா என்ற கேள்வி எழுந்தது. எண்கள் அதனை மறுக்கின்றன. பாதிக்கு மேல் வாக்குப் பெற்ற ஒருவரை, ஏனைய 90 பேரின் வாக்குகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் தோற்கடிக்க இயலாது. முதலிரு இடங்களைப் பெற்றவர்களைத் தவிர மற்ற 89 பேருக்கும் சேர்த்துச் சுமார் 3 சதவீத வாக்குகளே கிடைத்தன. பெரும்பான்மை ஆதரவின்றி வெற்றி பெறும் முறைக்கு எதிரான போராட்டம் நடந்த அதே தொகுதியில், வென்றவர் தெளிவான பெரும்பான்மை பெற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பொலியேவின் ஆதரவாளர்கள் பெருமளவில் அவரைக் கைவிட்டனர் என்றும் கூற இயலாது. 2021இல் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்ற அவர், எல்லை மாறிய தொகுதியில் 2025இல் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். அவருக்கு எதிரான வாக்குகள் ஒரே இடத்தில் குவிந்ததே முக்கிய மாற்றம். 2021இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்குகள் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சி, இம்முறை 2 சதவீதத்துக்கும் கீழே சென்றது. அக்கட்சியின் ஆதரவாளர்கள் பெருமளவில் லிபரல் பக்கம் சாய்ந்ததாகக் கருதப்படுகிறது.

இப்போக்கு நாடு தழுவியது. லிபரல் கட்சி 169 இடங்களையும் 43.8 சதவீத வாக்குகளையும், கன்சர்வேட்டிவ் கட்சி 144 இடங்களையும் 41.3 சதவீத வாக்குகளையும் பெற்றன. பெரும்பான்மைக்குத் தேவையான 172 இடங்களை லிபரல் கட்சியால் எட்ட முடியவில்லை. பஞ்சாப் வம்சாவளியைச் சேர்ந்த ஜக்மீத் சிங் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி 7 இடங்களுக்குச் சுருங்கியது. அவரும் தமது தொகுதியில் தோல்வியுற்று, தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

கனடாவில் கட்சித் தலைவர்கள் சொந்தத் தொகுதியில் தோற்பது புதிதன்று. பிரதமர் மெக்கென்சி கிங் 1925இலும், பிரதமர் கிம் கேம்பல் 1993இலும், எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் இக்னாட்டியெஃப் 2011இலும் அவ்வாறு தோற்றனர். ஆனால், அத்தேர்தல்களில் அவர்களது கட்சிகளும் பின்னடைவைச் சந்தித்தன. கட்சி வளர்ந்த தேர்தலில் தலைவர் தோற்றதே கார்ல்டன் முடிவின் தனித்தன்மை.

இருக்கையில்லா எதிர்க்கட்சித் தலைவர்

இந்தியாவில் ஒருவர் ஒரே நேரத்தில் இரு தொகுதிகளில் போட்டியிடலாம். 2019 மக்களவைத் தேர்தலில் அமேதியில் தோல்வியுற்ற ராகுல் காந்தி, வயநாட்டில் வென்று அவைக்குச் சென்றது இவ்விதியால்தான். கனடாவில் ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே போட்டியிட இயலும். அங்குள்ள மேலவைக்குத் தேர்தலும் இல்லை, உறுப்பினர்கள் நியமிக்கப்படுகின்றனர். எனவே தோல்வியுற்றவருக்கு இடைத்தேர்தலைத் தவிர வேறு வழியில்லை.

பிரதமர் உடனடியாக அவை உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை. கார்னியும் உறுப்பினராகாமலேயே மார்ச் மாதம் பதவியேற்றார். ஆனால், எதிர்க்கட்சித் தலைவரின் முதன்மைப் பணி அவைக்குள், கேள்வி நேரத்தில் பிரதமரை எதிர்கொள்வதாகும். கேள்வி நேர வாதங்களில் வல்லவர் எனப் பெயர் பெற்ற பொலியேவ், புதிய பிரதமரின் முதல் அமர்வுகளை வெளியிலிருந்தே காண நேர்ந்தது. கட்சியின் முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஷியர் அவையில் அப்பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றார்.

ஆல்பர்ட்டா மாகாணத்தின் பேட்டில் ரிவர்–குரோஃபூட் தொகுதியில் 80 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் வென்றிருந்த டேமியன் குரெக், தலைவருக்காகத் தமது இடத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தார். ஜூன் மாதம் அவர் பதவி விலகினார். இத்தகைய காலியிடத்துக்கான தேர்தலை அறிவிக்கப் பிரதமருக்கு 180 நாள்கள் வரை அவகாசம் உண்டு. எனினும் கார்னி தாமதிக்கவில்லை. ஆகஸ்ட் 18 அன்று நடைபெற்ற இடைத்தேர்தலில் சுமார் 80 சதவீத வாக்குகளுடன் பொலியேவ் வெற்றி பெற்று, செப்டம்பரில் அவைக்குத் திரும்பினார்.

அங்கும் நீண்ட வாக்குச்சீட்டுக் குழு அவரைத் தொடர்ந்தது. வேட்பாளர் எண்ணிக்கை 214ஐத் தொட்டது. அத்தனை பெயர்களையும் அச்சிடுவது இயலாது எனக் கருதிய தேர்தல் ஆணையம், வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரைத் தாமே எழுதும் வெற்றுச் சீட்டை வழங்கியது. எழுத்துப் பிழை இருப்பினும் வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருந்தால் வாக்கு செல்லும் என அறிவிக்கப்பட்டது.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

இக்குழுவின் நடவடிக்கையை ஒரு மோசடி எனச் சாடிய பொலியேவ், வேட்பாளர்களுக்குத் தேவையான கையொப்பங்களைத் தொகுதி மக்கள்தொகையில் 0.5 சதவீதமாக உயர்த்த வேண்டும் என வலியுறுத்தினார். ஒருவர் பல மனுக்களில் கையொப்பமிடுவதைத் தடுக்க வேண்டும் என்பது தலைமைத் தேர்தல் அதிகாரியின் கருத்து. பார்வைக் குறைபாடு உடையோருக்கும் முதியோருக்கும் நீண்ட சீட்டு இடையூறாக இருப்பது உண்மை. அதே வேளையில், கட்டுப்பாடுகள் மிகுந்தால் கட்சிகளின் ஆதரவில்லாத எளிய சுயேச்சைகளே முதலில் பாதிக்கப்படுவர். நீதிமன்றம் 2017இல் காக்க முனைந்ததும் அவர்களது உரிமையைத்தான்.

கார்ல்டன் வாக்காளர்களைப் பொறுத்தவரை, அவர்கள் நாட்டின் தலைவிதியையும் தங்கள் தெருவின் தேவையையும் ஒரே சீட்டில் எடைபோட வேண்டியிருந்தது. இங்கு வென்றிருந்தாலும் பொலியேவ் பிரதமராகியிருக்க மாட்டார். தோற்றதால் அவர் தலைமைப் பதவியை இழந்துவிடவும் இல்லை. அவருக்குச் சில மாதங்களில் வேறொரு மாகாணத்தில், வேறொரு தொகுதியில் இருக்கை கிடைத்தது. 21 ஆண்டுகளாக அவர் பிரதிநிதித்துவப்படுத்திய ஒட்டாவா புறநகருக்குக் கிடைத்ததோ, இரண்டு ஆண்டுகள் தங்கள் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்ட ஒருவர். பாதுகாப்பான தொகுதி என்று எதுவும் நிரந்தரமாக எழுதி வைக்கப்படவில்லை என்பதை அத்தொகுதி மக்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளச் சீட்டில் ஒரேயொரு குறியிட்டுத் தெரிவித்தனர்.